காலி எடை

தெற்கு மாரட் வீதிக் கடையில்
மூன்று ரம்பங்களைக் கண்ணாடி மேசைமேல் படுக்கவைத்தார் சாந்தாராமன்.
ஆரஞ்சு, அதைவிடப் பெரிய ஆரஞ்சு,
ஓரமாக ஒரு பச்சை, பெயர் வாயில் நுழையாதது.
"ஐம்பத்தொன்பது சிசி, எழுபத்திரண்டு சிசி" என்றார்
தம்பி தவசியின் முகத்தைப் பார்த்து.
என் முகத்துக்கு ஒரு டீ வந்தது.

எழுபத்திரண்டுக்கு ஐந்தே கால் குதிரையாம்.
தவசிக்குக் குதிரை என்றால் போதும்.
ஏலம் எடுத்த கண்மாய்க் கருவேலம் மொத்தமும்
அங்கேயே சாய்ந்துவிட்டதுபோல்
விசையை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தான்.
விலை எழுபத்தாறாயிரம்.
தள்ளுபடி போக எழுபத்தொன்று.
டன்னுக்கு எங்கள் கையில் நிற்பது அறுநூறு ரூபாய்.
நூற்றுப் பத்தொன்பது டன் வெட்டினால்
மிஷின் சொந்தமாகும்,
சோறு நூற்றிருபதாவது டன்னில்.
ஐப்பசியில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிடும்.

பச்சை எட்டாயிரத்து ஐந்நூறு.
"இதுவும் ஐம்பத்தெட்டு சிசிதான்னு அட்டையில போட்டிருக்கான்"
என்று அவரே நம்பாத குரலில் சொன்னார்.
அதன் அண்ணன் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு.
வாங்கிய பதினேழாம் நாள்
இழுத்த கயிறு கையோடு வந்தது.
இப்போது கோழிக்கூண்டுக் கதவுக்குப் பாரம்;
அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

ராத்திரியில் சங்கிலிக்கு அரம் போடுகிறவள் நான்.
முப்பத்தாறு பல், பல்லுக்கு மூன்று தள்ளு,
எல்லாம் ஒரே பக்கமாக, திரும்ப இழுக்கக் கூடாது.
செதில் செதிலாக விழுந்தால் கூர்.
மாவாக விழுந்தால்
எத்தனை குதிரை இருந்தும் புகையைத்தான் அறுக்கும்.
இது எந்த அட்டையிலும் இல்லை.
தையில் இறங்கிய தவசியின் வலது தோளும் இல்லை.
கடையில் அவன் டீயை இடது கையால் குடித்தான்.
அதை நான் மட்டும் பார்த்தேன்.

"இந்தச் சின்னது என்ன எடை?"
"அஞ்சு கிலோ அறுநூறு."
"பிளேடு மாட்டியா? பெட்ரோல் ஊத்தியா?"
சாந்தாராமன் முதல்முறையாக என்னைப் பார்த்தார்.
"அது... காலி எடைம்மா."

பையிலிருந்து தொங்கு தராசை எடுத்தேன்,
கரிமூட்டை நிறுப்பது, கொக்கியெல்லாம் கறுப்பு.
பிளேடு மாட்டச் சொன்னேன், சங்கிலி போடச் சொன்னேன்,
பெட்ரோல் முட்ட, ஆயில் முட்ட.
கடை வாசல் ஷட்டர் கம்பியில் மாட்டியபோது
எதிர்க்கடைப் பையன்கள் பைப்பை இறக்குவதை நிறுத்தினார்கள்.
சிவப்பு எண்கள் ஆடி ஆடி நின்றன:
ஏழு கிலோ எழுநூற்று நாற்பது.
பெரியது ஒன்பதைத் தாண்டியது.

"நெஞ்சளவு தூக்கிப் பிடி, நான் எண்றேன்."
சின்னதை எண்பதுவரை பிடித்தான்.
பெரியதில் முப்பத்தெட்டு எண்ணும்போதே
அதன் மூக்கு தரையை மோந்து பார்க்கத் தொடங்கியது.
மீசைமேல் வேர்வை.
"வெயிலுக்கா" என்றான்.
கடைக்குள் ஏது வெயில்?
சாயங்காலம் நாலு மணிக்கு, முள்ளுக்கு நடுவில்,
அதே ஏழு எழுநூற்று நாற்பது எவ்வளவு என்று காட்ட
என் தராசிலும் இடமில்லை.

நாற்பத்து மூவாயிரத்துக்குச் சின்னதை முடித்தேன்.
ஆறு அரம் இனாமாகக் கேட்டேன், நாலு வந்தது.
பாதிப் பணம் அவனுடையது,
அதனால் ஆரப்பாளையம் வரை அவன் பேசவில்லை.

உசிலம்பட்டி பஸ்ஸில் பெட்டி என் மடியில்.
செக்கானூரணி தாண்டும்போதே தொடை மரத்துவிட்டது.
"லக்கேஜ் போடணுமே, எத்தனை கிலோ?" என்றார் கண்டக்டர்.
ஜன்னலைவிட்டுத் தவசி திரும்பினான்.
"அஞ்சு அறுநூறுதாண்ணே," என்றான்,
"அட்டையிலயே போட்டிருக்கான்."